ஏகாதசிக்கு ஓனர் வருவார்

சென்னையில் கடல் காற்றுக்கும் சேர்த்துத்தான் வாடகை வாங்குவார்கள். திருவான்மியூரில் நாங்கள் முதன்முதலில் குடியிருந்த வீட்டின் ஓனரம்மா அதை வாய்விட்டே சொன்னார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, லாரி வந்தால்தான் தண்ணீர். ஆனால் சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று அள்ளிக்கொண்டு போகும், அதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்றார். கடல் எங்கே என்று கேட்டேன். பாத்ரூம் ஜன்னலைக் காட்டினார். எதிர்வீட்டு மொட்டை மாடியில் துணி காயாத நேரமாகப் பார்த்து எட்டிப் பார்த்தால், இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே விரல் அகலத்துக்கு நீலமாக ஏதோ தெரிந்தது. அது கடலா வானமா என்று கடைசி வரைக்கும் நான் தீர்மானிக்கவில்லை. வாடகையை மட்டும் மாதாமாதம் ஒழுங்காகக் கொடுத்து வந்தோம்.

பதினோரு மாத அக்ரிமென்ட் முடியப்போகிறது என்றால் ஓனர்களின் குரலே வேறாகிவிடும். அதுவரை கண்டால் சிரிக்காதவர்கள் நலம் விசாரிப்பார்கள். விசாரித்து முடித்ததும், பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து எவ்வளவு கொடுக்கிறார்கள் தெரியுமா என்று ஆரம்பிப்பார்கள். ஒருவர் தன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வீடு வேண்டும் என்று சொல்லி எங்களைக் கிளப்பினார். மகராசனாக இருக்கட்டும் என்று மனசார வாழ்த்திவிட்டு வந்தோம். அடுத்த வாரமே அந்த கேட்டில் டு-லெட் போர்டு தொங்கியது. அந்தப் பையனுக்கு இன்றைக்கு வரை கல்யாணம் ஆகவில்லை என்று கேள்வி. என் வாழ்த்து பலிக்கவில்லையே என்ற வருத்தம் எனக்குக் கொஞ்சமும் கிடையாது.

இப்படியே ஒவ்வொரு முறை வாடகை ஏறும்போதும் நாங்கள் கடலை விட்டுத் தள்ளித் தள்ளிப் போனோம். திருவான்மியூரிலிருந்து வேளச்சேரி, அங்கிருந்து மேடவாக்கம், அப்புறம் தாம்பரத்தையும் தாண்டி ஓர் இடம். சாமான் ஏற்றுகிற வண்டிக்காரர் எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். இன்னும் கொஞ்சம் இப்படியே போனால் உங்க அம்மா வீட்டு வாசலிலேயே போய் இறங்கிடலாம் என்று என் கணவர் சொல்லுவார். எனக்குப் பிறந்த ஊர் திருச்சிக்குப் பக்கத்தில் மண்ணச்சநல்லூர். அவர் கிண்டலாகச் சொன்னது கடைசியில் நடந்தேவிட்டது. ஜெனரேட்டர் சர்வீஸ் கம்பெனியில் அவருக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. நான் ஒரு ஜவுளிக் கடைக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிறவள். எனக்கு எந்த ஊராயிருந்தால் என்ன, கரண்ட் இருந்தால் போதும்.

ஸ்ரீரங்கத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்றார் அவர். எனக்கும் ஆசைதான். ஆனால் வீடு தேடப் போன முதல் நாளே தெரிந்துவிட்டது, நாங்கள் எதை விட்டு ஓடி வந்தோமோ அது எங்களுக்கு முன்னாலேயே ரயில் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கிறது என்று. பெங்களூரிலும் பம்பாயிலும் அமெரிக்காவிலும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் எல்லோருக்கும் பெருமாள் காலடியில் கடைசிக் காலம் கழிய வேண்டுமாம். தென்னந்தோப்பு இருந்த இடமெல்லாம் ஃபிளாட் ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமி பெயர். எங்களைக் கூட்டிக்கொண்டு அலைந்த புரோக்கர், ஒவ்வொரு வீட்டிலும் நேராக மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டு, கோபுரம் தெரியுது பாருங்க என்பார். ராஜகோபுரம் முழுசாகத் தெரிந்தால் ஒரு வாடகை, பாதி தெரிந்தால் ஒரு வாடகை. அங்கே காற்றுக்கு விலை, இங்கே கோபுரத்துக்கு விலை. சாமி கும்பிடக்கூட வாடகை கட்ட வேண்டுமா என்று புரோக்கரிடமே சண்டைக்குப் போனேன். அவர் அசரவில்லை. வாடகை வேண்டாம்னா ரோட்டுல நின்னு கும்பிடலாமே அம்மா என்றார்.

கடைசியில் உத்திர வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இந்த வீடு அமைந்தது. அகலம் கம்மி, நீளம் அதிகம். வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லைக்குக் கேட்காது. நடுவில் வெளிச்சம் விழுகிற முற்றம், மேலே மொட்டை மாடி, முக்கால் கோபுரம். வாடகை எங்கள் கைக்கு அடங்குவதாக இருந்தது. ஏன் என்று பிறகுதான் சொன்னார்கள். ஓனர் தம்பதி வைஷ்ணவர்கள், எழுபதை ஒட்டிய வயசு, சென்னையில் மகனோடு இருக்கிறார்கள். வீட்டில் மாமிசம் சமைக்கக் கூடாது. இது எதிர்பார்த்ததுதான். இன்னொன்று எதிர்பார்க்காதது. வாசலை ஒட்டின முன் ரூம் அவர்களுடையது, பூட்டியே இருக்கும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வரும்போது அவர்கள் வந்து அதில் தங்குவார்கள். அக்ரிமென்ட்டில் அது எழுதப்படவில்லை. வாயால் சொன்னதுதான். ஸ்ரீரங்கத்து வீட்டை விட்டு வெளியூர் போனவர்கள் நிறையப் பேர் இப்படி ஒரு ரூமைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாடகைக்கு விடுவார்கள், ஏகாதசிக்கு ஊரில் ஒரு லாட்ஜும் கிடைக்காது என்று புரோக்கர் விளக்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடகையும் கொடுத்து, ஓனருக்கு விருந்தும் வைக்க வேண்டுமா? ஆனால் சாமான் வண்டி தாம்பரத்திலிருந்து கிளம்பிவிட்டது. தலையாட்டினோம். மீன் தின்ன வேண்டும் போலிருந்தால் ஞாயிற்றுக்கிழமை டோல்கேட் போய் பஸ் மாறி மண்ணச்சநல்லூரில் என் தம்பி வீட்டில் இறங்கிவிடுவோம். தம்பி பெண்டாட்டிக்கு எங்களைக் கண்டாலே சிரிப்பு. உங்க ஓனரால எங்களுக்குத்தான் செலவு என்பாள்.

முதல் மார்கழியில் அவர்கள் வந்து இறங்கிய காலை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ஓனர் மாமா ஆட்டோக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். மாமி கையில் ஒரு கூடையோடு வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, தன் சொந்த வீட்டைப் பார்த்து, "வரலாமாம்மா?" என்று கேட்டார். இத்தனை வீடுகளில் எத்தனையோ ஓனர்களைப் பார்த்தவள் நான். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து சுவரில் ஆணி அடித்திருக்கிறேனா என்று தடவிப் பார்த்த ஓனர்தான் எனக்குப் பழக்கம். உங்க வீடு மாமி, வாங்க வாங்க என்று கூடையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

முன் ரூமிலேயே சின்ன ஸ்டவ்வில் மாமி தளிகை பண்ணுவார். மாமா வெளியில் எதுவும் சாப்பிட மாட்டார். மாமியின் கையைத் தவிர உலகத்தில் மற்றதெல்லாம் அவருக்கு வெளிதான். மாமியும் முதல் வருஷம் என் கையால் எதுவும் வாங்கவில்லை. அடுத்த வருஷம், மாமா பெருமாள் சேவிக்கக் கிளம்பிப் போனதும் மெதுவாக அடுக்களைப் பக்கம் வந்து, டிகாக்‌ஷன் வாசனை தூக்கறதே, எனக்கும் ஒரு டம்ளர் போடேன் என்றார். மனசுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். வெளியில் காட்டிக்கொள்ளாமல் கள்ளிச் சொட்டாகக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் மாமா வெளியே போனால் எங்களுக்குக் காப்பி நேரம் என்று ஆகிவிட்டது.

அந்தக் காப்பி நேரங்களில்தான் இன்னொரு விஷயம் புரிந்தது. அவர்கள் மகன் சென்னையில் வாடகை வீட்டில்தான் இருக்கிறான். அதுவும் எங்கே? திருவான்மியூரில், நாங்கள் துரத்தப்பட்ட தெருவுக்கு நாலு தெரு தள்ளி. எங்கள் வாடகை இங்கிருந்து போய் அங்கே அவர்கள் வாடகையோடு சேர்கிறது. அங்கே ஓனர் வாடகையை ஏற்றினால் மகன் முகம் சுளிப்பான், மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு எங்களுக்கு போன் போடுவார். கடல் காற்றை விட்டுத் தப்பி வந்துவிட்டேன் என்று நினைத்தால், முக்கால் கோபுரத்தின் கீழே உட்கார்ந்துகொண்டு இன்னமும் அதற்குத்தான் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதைச் சொன்னபோது மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அங்கே கடல் தெரிகிறதா மாமி என்று கேட்டேன். காத்துகூட வரலைம்மா, ஏசிதான், ஜன்னலே திறக்கறதில்லை என்றார்.

நானும் சும்மா இருக்கவில்லை. சென்னை ஓனர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று மாமாவுக்குப் பாடம் எடுத்தேன். பெயின்ட் அடித்துத் தரச் சொல்லி முதலில் நீங்கள் கேட்டுவிடுங்கள், அவர் அதைத் தட்டிக்கழிக்கிற அவசரத்தில் வாடகையைக் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார் என்று சொல்லிக் கொடுத்தேன். அது ஒரு வருஷம் பலித்தது. அந்த வருஷம் எங்களுக்கும் வாடகை ஏறவில்லை.

அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். போன ஆடியில் மாமா போன் பண்ணினார், செருமல் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. மகன் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறான், வாடகை கட்டியே வாழ்க்கை போகிறது என்கிறான், அதற்கு முன்பணம் வேண்டும், ஸ்ரீரங்கத்து வீட்டை விற்றுவிடுவதென்று முடிவாகியிருக்கிறது என்றார். வீடு மாமியின் அப்பா மாமிக்குக் கொடுத்தது. கையெழுத்து மாமிதான் போட வேண்டும். போடுவாளா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வாங்குபவர்கள் வந்து பார்ப்பார்கள், கொஞ்சம் திறந்து காட்டும்மா, காலி பண்ண அவகாசம் தருகிறேன் என்றார். சரிங்க மாமா என்றேன். போனை வைத்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். கோபம் வந்தால் எனக்கு அழுகைதான் வரும். இந்த வீட்டில்தான் காலண்டரைப் பார்த்து அக்ரிமென்ட் எப்போது முடியும் என்று எண்ணாமல் தூங்கியிருக்கிறேன்.

வேறு வீடு பார்க்கக் கிளம்பினோம். நாங்கள் கொடுத்துவந்த வாடகைக்கு இப்போது இந்த ஊரில் ஒரு ரூமும் அதற்கு ஒட்டுப்போட்ட மாதிரி ஓர் அடுக்களையும்தான் கிடைத்தன. ஜீயபுரம் பக்கம் போகலாம் என்றார் என் கணவர். அவருக்கு வேலை திருச்சியில், தினமும் அலைய வேண்டும். திரும்பவும் தள்ளித் தள்ளிப் போகிற கதைதானா என்றேன். அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். வாங்க வருகிறவர்களிடம் வீட்டைப் பற்றி நாலு குறை சொல்லிவிடுவது. சொல்லக் குறையா இல்லை? மழைக்காலத்தில் பின்சுவர் ஓதம் காக்கும். சந்துக்குள் கார் வராது. உற்சவ நாளில் வாசலில் கால் வைக்க இடமிருக்காது. விடியும் முன்னே மைக் செட் அலறும். எல்லாவற்றையும் வரிசையாக மனசில் அடுக்கி வைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது பெங்களூர்க் கணவன் மனைவி. வந்த நேரம் பாருங்கள், விளக்கு வைக்கிற நேரம். இப்போதுதான் ஏற்றிய விளக்கு முற்றத்தைப் பார்த்து எரிந்துகொண்டிருக்கிறது. விளக்கேற்றிய வீட்டைப் பற்றிக் கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். ததாஸ்து தேவதைகள் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்குமாம், நாம் எதைச் சொன்னாலும் அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுமாம். சுவர் இடிகிற மாதிரி இருக்கு என்று நான் வாயைத் திறந்து, அது பாட்டுக்கு ஆகட்டும் என்று சொல்லித் தொலைத்துவிட்டால்? அந்தச் சுவருக்குக் கீழே படுப்பது நான்தானே? பின்சுவர் எப்படி என்று அந்த அம்மாள் கேட்டபோது என் வாய் தானாகவே, கல்லு மாதிரி இருக்குங்க என்றது.

வந்தவர்களைச் சும்மா அனுப்புகிற வழக்கமும் எனக்குக் கிடையாது. காப்பி கொடுத்தேன். காப்பி குடித்தபடி மொட்டை மாடி உண்டா என்று கேட்டார்கள். கூட்டிக்கொண்டு போனேன். அங்கே போனால் எனக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. இந்த மூலையில் நின்றால் முக்கால் கோபுரம், கொஞ்சம் எக்கினால் முழுக்கோபுரம் என்று எக்கியே காட்டினேன். அவர்கள் போன பிறகு, அவ்வளவு நேரமும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், புரோக்கருக்குப் பதிலா உனக்கே கமிஷன் கொடுக்கலாம்போல இருக்கே என்றார்.

அடுத்தடுத்து வந்தவர்களிடமும் இதேதான். வேண்டுமென்றே பகல் வேளையாக வரச் சொன்னேன். பகலில் மட்டும் தேவதைகள் தூங்கப் போகுமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. ஒருவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் என்று ஆரம்பித்தேன். தண்ணீர் என்றதும், கிணற்றுத் தண்ணீர் வற்றினதே இல்லீங்க என்று முடித்தேன். இந்த மாதிரி ஒரு முட்டாள் குடித்தனக்காரியை அந்தப் புரோக்கர் தன் சர்வீஸிலேயே பார்த்திருக்க மாட்டார். என்னைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கடைசியாக வந்த துபாய்க்காரர்களுக்கு வீடு மனசுக்குப் பிடித்துவிட்டது. என் காப்பிக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று அந்த அம்மாளே சொன்னார். மார்கழியில் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். தை பிறந்ததும் பத்திரப்பதிவு என்று வாய்ப்பேச்சாக முடித்தார்கள். ஏகாதசிக்கு அவர்களும் இங்கே வருகிறார்கள், ஓனரும் வருகிறார், அப்போது நேரில் பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. எனக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கல் எந்த வீட்டில் வைக்கப்போகிறோம் என்று தெரியாமல் வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

மாமாவும் மாமியும் வந்தார்கள். இந்த முறை மாமி வாசலில் நின்று வரலாமா என்று கேட்கவில்லை. நேராக உள்ளே வந்து முற்றத்துத் தூணில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். காப்பி நேரம் வந்தது, காப்பி குடித்தார். கையெழுத்துப் போடப் போறீங்களா மாமி என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. பெற்ற பிள்ளைக்குச் செய்கிறார், நான் யார் நடுவில்? புள்ளை முகத்தைப் பார்த்து மாட்டேன்னு எனக்குச் சொல்லத் தெரியலைம்மா, அதுதான் என் குறை என்று மாமியே சொன்னார். அதோடு சரி.

ஏகாதசிக்குப் பரமபத வாசல் திறப்பு சேவித்துவிட்டு வந்தார்கள். நாள் முழுக்க உபவாசம். மறுநாள் துவாதசி, அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்துப் பாரணை முடித்து, மாமி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது துபாய்க்காரர்கள் வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் காப்பித் தட்டோடு வந்தேன். அந்த அம்மாள் நல்ல மாதிரிதான். தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது, பிறந்ததிலிருந்து இருந்தவர்களுக்குத்தானே வீட்டைப் பற்றித் தெரியும், ஏதாவது குறை இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள் மாமி என்று கேட்டார்.

மாமா, வீடு லட்சணமான வீடு என்று ஆரம்பித்தார். மாமி வெற்றிலையைக் கீழே வைத்தார். விளக்கைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அப்புறம் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார். மாமிக்கும் ததாஸ்து தேவதைகளைத் தெரியும் என்பது அந்தப் பார்வையில் எனக்குப் புரிந்தது.

"ஆத்துக்கு ஒரு குறையும் கிடையாது," என்றார் மாமி. "குறையெல்லாம் இவாதான். இவா காலி பண்ண மாட்டா. கேட்டா கோர்ட்டுக்குப் போவேங்கறா. நாங்க வயசானவா, என்ன பண்ணுவோம் சொல்லுங்கோ."

நானா? கோர்ட்டா? சென்னையில் காலி பண்ணு என்று ஓனர் சொல்வதற்கு முன்பே மூட்டை கட்டினவள் நான். துபாய்க்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மாமி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். கிள்ளின காம்பையே மறுபடியும் கிள்ளினார். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டைக் குறை சொல்ல மாமிக்கு வாய் வராது, மகனை மறுக்கவும் வாய் வராது. மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். தட்டைத் தரையில் வைத்தேன், வைத்த வேகத்தில் காப்பி கொஞ்சம் சிந்தியது.

"ஆமாங்க, நான் காலி பண்ண மாட்டேன். யார் வாங்கினாலும் பண்ண மாட்டேன். நீங்க எங்க வேணாலும் போய்ச் சொல்லிக்கங்க," என்றேன்.

பொய்தான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்லக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சென்னையில் அத்தனை வீடுகளிலும் சொல்லாமல் விட்டது மொத்தமும் அந்த ஒரு வார்த்தையில் வந்துவிட்டது போலிருந்தது. நான் அழுவதைக் கோபத்தில் பதறுவதாகத் துபாய்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பொம்பளையோடு மல்லுக்கு நிற்க முடியாது என்று அவர் தன் மனைவியிடம் கண்ணைக் காட்டினார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். காப்பியைத் தொடவில்லை. என் வீட்டுக்கு வந்து ஒருவர் காப்பி குடிக்காமல் போனது அதுதான் முதல் தடவை, அது இன்னும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

அவர்கள் சந்து திரும்பும் வரை மாமா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மாமா கத்தினார். மாமியைப் பார்த்துக் கத்தினார், என்னைப் பார்த்துக் கத்தினார், துவாதசியும் அதுவுமாகப் பொய்யா என்று பெருமாளை இழுத்துக் கத்தினார். கத்தி முடித்து மகனுக்கு போன் போட்டார். மகன் அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, எல்லாம் நன்றாகப் பேசிச் சரிபண்ணலாம், குடித்தனக்காரர்களிடம் நான் பேசுகிறேன் என்று மாமா சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமி எழுந்து போய்க் கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டார். ஆச்சரியத்தில் மாமாவும் கொடுத்துவிட்டார்.

"குடித்தனக்காரா நல்லவாடா. நான்தான் பொய் சொன்னேன்," என்றார் மாமி. "நான் கையெழுத்துப் போடலை, கண்ணா. எனக்கு இங்கே இருக்கணும்."

ஒரு தடவை பொய் சொல்லிவிட்ட தைரியத்தில் நிஜமும் வெளியே வந்துவிட்டது. போனை மாமா கையில் கொடுத்துவிட்டு மாமி அடுக்களைக்கு வந்தார். மாமா வீட்டில் இருக்கும்போதே அடுக்களைக்கு வந்தது அதுவே முதல். என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வருஷத்தில் பத்து நாள் போதலைம்மா, முன் ரூம் எனக்கு எப்பவும் வேணும், உனக்கு இடைஞ்சலா இருக்குமா என்று கேட்டார். வீட்டை எழுதி வைத்திருப்பது அவர் பெயரில், இடம் கேட்பது என்னிடம். இல்லவே இல்லை என்று தலையைத் தலையை ஆட்டினேன்.

மாமா கோபித்துக்கொண்டு தனியாகச் சென்னைக்குக் கிளம்பிப் போனார். வெளியில் சாப்பிடாத மனுஷர் எத்தனை நாள் தாக்குப் பிடிப்பார்? மாட்டுப்பெண் கையும் அவருக்கு வெளிதான் போலிருக்கிறது. தைத் தேருக்கு முன்னால் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். மகன் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தான். அப்புறம் அப்பா அம்மாவுக்கு என்று எடுத்த பெரிய வீடு எதற்கு என்று கூடுவாஞ்சேரி பக்கம் சின்னதாக ஒரு வீட்டுக்கு மாறிக்கொண்டான். வாடகை பாதிக்கும் கீழே என்று மாமா சொன்னார். அங்கே குறைந்ததால் இங்கே எங்களுக்கும் இந்த வருஷம் ஏற்றவில்லை. அதை மாமா செருமாமலேயே சொன்னார்.

இப்போது முன் ரூமில் அவர்கள், மிச்ச வீட்டில் நாங்கள். காலையில் மைக் செட் அலறுவதற்கு முன்பே மாமி எழுந்து கோலம் போட்டுவிடுகிறார், அதில் மட்டும் எங்களுக்குள் சின்ன மனஸ்தாபம் உண்டு. வாசல் கோலம் என் உரிமை என்பது என் கட்சி. காப்பிக்கு மாமா வெளியே போகிற வரை காத்திருப்பதில்லை. அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி பேப்பரைத் தூக்கிக்கொள்கிறார்.

நடந்ததில் எனக்கு ஒரே ஒரு நஷ்டம். துபாய்க்காரர்கள் புரோக்கரிடம் சொல்லி, புரோக்கர் மற்ற புரோக்கர்களிடம் சொல்லி, ஊர் முழுக்க என் பெயர் பரவிவிட்டது. காலி பண்ணாத பொம்பளை, கோர்ட்டுக்குப் போகிறவள், வயசான ஓனரையே முன் ரூமில் ஒண்டவைத்தவள். எழுந்து நின்று வணக்கம் சொன்ன புரோக்கர், போன வாரம் மார்க்கெட்டில் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போய்விட்டார். அடையவளைஞ்சான் தெருவில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, என் நாத்தனாருக்குப் பார்க்கலாமே என்று போய்க் கேட்டால், உங்க சொந்தமாங்க என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்து மாமியிடம் கொட்டித் தீர்த்தேன். உங்களால் என் மானம் போச்சு, இனிமேல் கொள்ளிடத்துக்கும் காவேரிக்கும் நடுவில் ஒருத்தர்கூட எனக்கு வீடு கொடுக்க மாட்டார்கள் என்றேன்.

மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கொடுக்கலைன்னா போகட்டும். நீ எங்க போகப்போறே?" என்றார்.